தீக்கு முன்பே கப்பலேறிய அறிக்கை

போன மாதம் போர்ட் பிளேரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். காட்டுத்தீ தடுப்புப் பயிற்சிக்குக் கையேடு தயாரிக்கிறாளாம். திட்டமிட்டுத் தீயிடுவதற்கு இப்போது மூன்று நாள் வகுப்பு நடக்கிறது. முடிவில் சான்றிதழ், நடுவில் மதியச் சாப்பாடு. "மேடம், உங்க காலத்துல ஒரு எரிப்புக்கு எத்தனை ஆள் இருந்தாங்க?" என்று கேட்டாள். இரண்டு விடை சொன்னேன். காகிதத்தில் பதினாறு, காட்டில் ஐந்து. எதை எழுதிக்கொள்வது என்று குழம்பினாள். கையேட்டுக்குப் பதினாறு போதும், மிச்சத்தை நானே எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அது இன்னும் இருக்கிறது. என் பென்ஷன் அதன் வழியாகத்தான் வருகிறது.

அறுபதுகளின் நடுவில் நான் அங்கே டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். பதவியின் பெயரைப் பெண்ணுக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா என்று ஒரு கோப்பு நான்கு வருடம் ஓடியது. மாற்ற வேண்டாம் என்று முடிந்தது. அப்பா ஓவர்சியர். எங்கள் வீடு மின்னி பேயில் இருந்தது. சென்னையில் மூன்று வருடம் பாலிடெக்னிக் படித்துவிட்டுக் கப்பலில் திரும்பிய எனக்கு நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கவும், திசைகாட்டியில் கோணம் பார்க்கவும், துணியில் மையால் படம் வரையவும் தெரியும். எதையும் பட்டியலாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பிறவியிலேயே உண்டு. முதல் நாள் அலுவலகத்தில் என்னைப் பற்றி எழுந்த ஆட்சேபங்களையும் அப்படிக் குறித்து வைத்திருந்தேன்: காட்டில் அட்டை கடிக்கும், காட்டில் கழிப்பிடம் இல்லை, காட்டில் பெண்கள் இல்லை. முதல் இரண்டும் ஆண்களுக்கும் பொருந்தும் என்று சொன்னேன். மூன்றாவதை நான் போய்ச் சரிசெய்வதாகச் சொன்னேன்.

சௌல்தாரிக்கு அப்பால் ஒரு மலைச்சரிவுதான் எங்கள் திட்டத்தின் இடம். விலை போகும் மரங்களை வெட்டி, யானைகள் இழுத்துப் போன பிறகு, கிளை, கொடி, மூங்கில் என்று மார்பளவுக்குக் குப்பை கிடக்கும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் அது காயும். மே மாதம் மழை இறங்குவதற்குள் அதைக் கொளுத்திவிட்டு, சாம்பலில் தேக்கு நட வேண்டும். கொளுத்துவது யாருக்கும் வரும். கொளுத்திய இடத்தோடு தீயை நிறுத்துவதுதான் வேலை.

அந்த வேலையை நான் கற்றுக்கொண்டது மங்க்ராவிடம். ராஞ்சிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர், நாற்பது வயதிருக்கும், தலைமைத் தீக்காவலர். எழுதப் படிக்கத் தெரியாது. தீவின் இந்தியும் எங்கள் ஆட்களிடம் பொறுக்கிய தமிழும் கலந்து பேசுவார். எப்போதும் படமும் கையுமாகப் போவதால் என்னை 'நக்ஷா தீதி' என்று கூப்பிடுவார், படக்கார அக்கா. எனக்கு அப்போது இருபத்து மூன்று.

அவருடைய முறை இது. எரிக்க வேண்டிய நிலத்தைச் சுற்றி இருபதடி அகலத்துக்கு ஒரு இலை இல்லாமல் கூட்டி, மண் தெரிய வைப்பார்கள். அதுதான் தீத்தடுப்புக் கோடு. தீ மூட்டும் நாளில் மங்க்ரா கோட்டை முழுதாக ஒருமுறை நடந்து சுற்றுவார். நான்கு மூலையிலும் நின்று பீடி பற்றவைத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். ஒரு எரிப்புக்கு நான்கு பீடி. அதற்கு மேல் பிடிக்க மாட்டார். பிறகு காற்று போய்ச் சேரும் கோடியில் முதலில் நெருப்பு வைப்பார். அது காற்றை எதிர்த்து மெல்ல, முணுமுணுத்துக்கொண்டு, பின்னோக்கி எரிந்து வரும். அங்கே போதுமான அகலம் கருகிய பிறகுதான் இரண்டு பக்கமும், கடைசியாகக் காற்று வரும் பக்கமும் மூட்டுவார். பெருந்தீ ஓடி வந்து ஏற்கெனவே கருகிய தரையில் முட்டி, தின்ன ஒன்றுமில்லாமல் படுத்துவிடும். காலை பத்து மணிக்கு மேல் கடலிலிருந்து காற்று ஏறும், சாயங்காலம் நாலுக்கு மேல் அடங்கும் என்பதால் மாலையில்தான் மூட்டுவார். இதற்கு அவர் எந்தச் சான்றிதழும் வாங்கியிருக்கவில்லை.

முப்பது ஏக்கர் எரிப்புக்குக் கோட்டைச் சுற்றிப் பதினாறு பேர் நிற்க வேண்டும் என்பது விதி. பதினாறு தீக்காவலர் பதவிக்கும் ஆள் இருந்தது. ஆட்பட்டியல் எழுதுவது என் வேலை என்பதால் அவர்கள் ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். இரண்டு பேர் அதிகாரி வீட்டுத் தோட்டத்தில் தீ வராமல் காத்தார்கள். ஒருவர் சமையற்கட்டில் தீ வருவதையே காத்தார். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தார். ஒருவர் பூப்பந்து மைதானத்துக்குக் கோடு போட்டார். கோடு போடும் அனுபவத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அலுவலகத்தில் தண்ணீர் வைக்க, தபால் தூக்க, ஜீப் கழுவ என்று ஐந்து பேர். ஒருவர் யானைப்பாகன், பாகன் பதவி காலியில்லாததால் தீக்காவலராகச் சேர்க்கப்பட்டவர். மிச்சம் ஐந்து பேர் காட்டில், மங்க்ராவையும் சேர்த்து.

எங்கள் அதிகாரி சபாபதி சார் கும்பகோணத்துக்காரர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. மேஜையில் சிவப்பும் நீலமுமாக ஒரே பென்சில் இருக்கும். இலக்கணப் பிழைக்கு நீல முனை, தொனிப் பிழைக்குச் சிவப்பு முனை. கடிதங்களை எழுந்து நின்று உரக்கப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுவார். படங்களை மட்டும் பிரிக்கவே மாட்டார். முன்பு ஒருமுறை ஒரு பெரிய படத்தைப் பிரித்துவிட்டுத் திரும்ப மடிக்கத் தெரியாமல் அரை மணி நேரம் அவதிப்பட்டதாகப் பியூன் சொன்னான். அதிலிருந்து மடித்தபடியே மூலையில் ஒப்பமிட்டுத் தள்ளிவிடுவார்.

அவர் உண்டாக்கிய வழக்கம் ஒன்று உண்டு. மெயின்லாண்டுக்குக் கப்பல் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். எரிப்பு முடிந்த அறிக்கை மார்ச் மாதத்துக்குள் மேலிடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தபால் பை கப்பலுக்கு முந்தின நாள் மாலை மூடப்படும். எனவே அறிக்கையை முதலில் எழுதி அனுப்பிவிடுவோம். எரிப்பைப் பிறகு, அறிக்கையில் சொன்னபடி நடத்துவோம். இரண்டு வருடம் இது ஒழுங்காகவே நடந்தது. மங்க்ரா இருந்தார் என்பதால் ஒழுங்காக நடந்தது. எங்களுக்கோ அறிக்கை நன்றாக எழுதப்பட்டதால் நடந்தது போலத் தோன்றியது.

மூன்றாவது வருடம், எரிப்புக்கு முந்தின நாள், அறிக்கையில் நேரம் எழுதும் இடத்தில் நான் நிறுத்தினேன். மாலை நாலு மணி என்று போடலாமா என்று கேட்டேன். காலையில் தொடங்கி அன்றே முடிந்தது என்று இருந்தால்தான் படிக்க நன்றாக இருக்கும் என்றார் சார். நாளைக்குக் கப்பல் நாள், ஆட்கள் கிடைப்பார்களா, ஒரு நாள் தள்ளிப் போடலாமே என்றேன்.

"மிஸ் கமலா, கப்பல் நமக்காக நிக்குமா? தீதான் நிக்கும்" என்றார்.

அறிக்கையை எழுதினேன்: பத்து மணிக்கு மூட்டப்பட்டது, பதினாறு பேரும் அவரவர் இடத்தில் இருந்தனர், முப்பது ஏக்கரும் எரிந்தது, நான்காம் பத்தியில், யாருக்கும் எந்தக் காயமும் இல்லை. கீழே பதினாறு பெயரும் நிற்கும் இடமும் என் கையெழுத்தில், மிக அழகான பட்டியல். தொழில்நுட்பச் சான்று என்ற இடத்தில் நானே ஒப்பமிட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. எழுத்து நேராக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் சாரின் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. பதினொரு தீக்காவலர்களும் ஜெட்டியில் பெட்டி தூக்கினார்கள். பாகனும் போயிருந்தான். அவன் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண்யானை ரூப்கலி, கோட்டுக்கு வெளியே மூங்கில் புதரோரம் முன்னங்காலில் சங்கிலியோடு நின்றது. சார் ஜெட்டிக்குப் போகும் வழியில் ஜீப்பை நிறுத்தி, பத்து மணிக்குத் தொடங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மங்க்ரா நான்கு மூலையும் சுற்றி நான்காவது பீடியோடு வந்தார். "தீதி, ஹவா கராப். பாஞ்ச் ஆத்மி, அஞ்சே பேரு. ஷாம் கோ பாக்கலாம்."

காற்று சரியில்லை, மாலைவரை பொறுக்கலாம் என்கிறார். பொறுக்க முடியாது என்றேன்.

"க்யோன்?"

"ரிப்போர்ட்ல பத்து மணின்னு எழுதியாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். ரிப்போர்ட் எங்கே, அதை மாற்றி எழுத முடியாதா என்று கேட்டார். அது கப்பலில் இருக்கிறது என்றேன். பீடியைத் தரையில் நசுக்கி, அதன் மேல் மண்ணைத் தள்ளிவிட்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் முறைப்படியே காற்றின் கோடியில்தான் தொடங்கினார். ஆனால் அங்கே அகலமாகக் கருகும் முன்பே கடல் காற்று ஏறிவிட்டது. பதினொன்றரைக்குக் கோட்டுக்கு உள்ளே கிடந்த மூங்கில்கள் துப்பாக்கி போல வெடிக்க ஆரம்பித்தன. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கை நெருப்பு வானில் போனது. இருபதடி மண்ணைத் தாண்டி வெளிப் புதரில் விழுந்ததை நான் படப்பலகையோடு நின்று பார்த்தேன். என் பட்டியலின்படி அந்த இடத்தில் ஒன்பதாம் எண் முதல் பன்னிரண்டாம் எண் வரை நான்கு பேர் நின்றிருந்தார்கள். உண்மையில் ஒரு ஆமணக்குச் செடிதான் நின்றது.

ரூப்கலியின் சத்தம் கேட்டது. மங்க்ரா தீயை அடித்துக்கொண்டிருந்த பச்சைக் கிளையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினார். சங்கிலி இரும்பு முளையில் மாட்டியிருந்தது. அதற்குள் முளை பழுக்கக் காய்ந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினார். யானை ஓடைக்குள் இறங்கிப் போனது. அவர் புகைக்குள்ளிருந்து, உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்துக்கொண்டு, யாரிடமோ எதையோ வாங்கப் போகிறவர் மாதிரி நடந்து வந்தார்.

தீ ஓடைவரை போய்த் தானாக நின்றது. ஓடைக்கு நான் எந்த எண்ணும் கொடுத்திருக்கவில்லை.

மங்க்ராவின் இரு கைக்கும் மணிக்கட்டுவரை கட்டு. அவரை ஆஸ்பத்திரியிலிருந்து தொழிலாளர் லைனுக்குக் கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சோறு ஊட்டினாள். மஸ்டர் ரோலில் வருகை என்றால் கட்டைவிரல் ரேகை. கையில் கட்டு, ரேகை இல்லை, ஆகவே வரவில்லை. அனுமதியில்லாமல் பத்து நாள் வராதவரைப் பதவியிலிருந்து நீக்கி ஊருக்குத் திருப்பி அனுப்பலாம் என்பது ஒப்பந்தம். பதினோராம் நாள் எழுத்தர் அந்தக் கோப்பைத் தொடங்கினார். அவர் மேல் தப்பில்லை, அவருடைய பட்டியலும் சரியாகத்தான் இருந்தது.

நான் சபாபதி சாரிடம் போனேன்.

"சார், மங்க்ராவால ரேகை வைக்க முடியாது. கையில கட்டு."

"என்னத்துக்குக் கட்டு?"

"தீக்காயம் சார்."

"எந்தத் தீ?"

அவர் நீல முனையால் எதையோ திருத்திக்கொண்டே மென்மையாகச் சொன்னார்: "நீங்க எழுதினதுதானே மிஸ் கமலா. நாலாம் பாரா. யாருக்கும் காயமில்லை. இப்ப காயம்னு எழுதினா, பதினாறு பேரு எங்கேன்னு மேலிடத்துல கேப்பான். நான் தனியாப் பதில் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் சொல்லணும்."

சொன்னது சரி. இந்தத் தீவுகளில் அன்று தீயே தப்பவில்லை. யானை தானாக ஓடையில் குளிக்கப் போனது. மங்க்ரா சும்மா வீட்டில் படுத்திருந்தார். அவரை ஊருக்கு அனுப்பினால் அந்தக் கைகளோடு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்று லைனில் எல்லோரும் பேசினார்கள். அவர் மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எரிப்பு முடிந்த ஒரு மாதத்துக்குள் எரிந்த நிலத்தின் அளவைப் படம் போக வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. வழக்கமாக முந்தின திட்டப் படத்தையே நகலெடுத்து அனுப்புவோம். இரண்டு வருடம் நானே அப்படித்தான் செய்தேன். இந்த முறை சங்கிலியையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு, காட்டில் இருந்த நான்கு பேரோடு கருகிய விளிம்பை முழுதாக நடந்து அளந்தேன். மூன்று நாள் ஆனது. கோட்டுக்கு வெளியே ஓடைவரை நீண்ட நாக்கு ஆறரை ஏக்கர் வந்தது. படத்தில் வரைந்தேன். குறிப்புப் பட்டியலில் வரிசையாக எழுதினேன்: தீ கோட்டைத் தாண்டிய இடம், யானை கட்டியிருந்த இடம், தலைமைக் காவலர் மங்க்ரா காயப்பட்ட இடம். கடைசி இடத்துக்குச் சிவப்பு மையில் சிறிய பெருக்கல் குறி. ஒழுங்காக எட்டாக மடித்து, சாரின் மேஜையில் ஒப்பமிடும் மூலை மேலே இருக்கும்படி வைத்தேன். அவர் ஒப்பமிட்டார். அவருடைய பழக்கத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். அதற்கு வருத்தப்பட வேண்டும் என்று அந்த ஆண்டு நாட்குறிப்பில் ஓர் இடம் ஒதுக்கி வைத்தேன். இன்னும் காலியாக இருக்கிறது.

மங்க்ராவை நீக்க அனுமதி கேட்கும் கடிதமும் அந்தப் படமும் ஒரே கப்பலில், ஒரே பையில் போயின. பதில் வர இரண்டு கப்பல் ஆகும். அந்த வாரங்களில் நான் தினமும் லைனுக்குப் போனேன். கட்டுப் பிரித்தபோது விரல்கள் பாதி மடங்கியே நின்றன. மங்க்ரா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பீடி பிடிக்கச் சரியான வளைவு என்றார்.

பதில் வந்தது. நீக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அறிக்கையில் முப்பது ஏக்கர், படத்தில் முப்பத்தாறரை, விளக்கம் தேவை என்று மட்டும் கேட்டிருந்தார்கள். மேலிடத்தில் கூட்டல் தெரிந்தவர் ஒருவர் இருந்திருக்கிறார்.

சபாபதி சார் என்னைக் கூப்பிட்டார். அலுவலக நகலைத் தானே பிரித்து மேஜை நிறைய விரித்திருந்தார். சிவப்புக் குறியின் மேல் விரலை வைத்தார்.

"இவ்வளவு கிட்டவா யானை நின்னுது?"

"ஆமாம் சார்."

"கையால பிடுங்கினானா?"

"ரெண்டு கையாலயும்."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் கேட்ட மிக அழகான கடிதங்களில் அது ஒன்று. அன்று காற்று மிகவும் சாதகமாக இருந்ததால், தலைமைக் காவலர் மங்க்ராவின் சிறந்த மேற்பார்வையில், ஆறரை ஏக்கர் கூடுதலாகத் திட்டமிட்டே எரிக்கப்பட்டது. கோட்டுக்கு வெளியே பணியிலிருந்தபோது அவருக்குச் சிறு காயம் ஏற்பட்டது. அறிக்கை முப்பது ஏக்கர் எரிப்பை மட்டுமே குறிப்பதால், அதன் நான்காம் பத்தியில் இதைச் சேர்க்கவில்லை. மஸ்டரில் இல்லாத நாட்கள் மருத்துவ விடுப்பு. நீக்கக் கோரிக்கை திரும்பப் பெறப்படுகிறது. ஆறரை ஏக்கரை முன்கூட்டியே திட்டப் படத்தில் காட்டத் தவறியதற்காக டிராஃப்ட்ஸ்மேனுக்கு மெமோ கொடுக்கப்பட்டுள்ளது.

"மெமோவுக்குப் பதிலா மன்னிப்பெல்லாம் எழுதாதீங்க. கவனத்தில் கொள்ளப்பட்டதுன்னு போடுங்க, போதும்" என்றார். பிறகு விரித்த படத்தைக் காட்டி, "இதை மடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்.

ஆக, இன்றுவரை அங்கே தீ தப்பவில்லை. கையேடு எழுதும் பெண் கோப்புகளைத் தேடினால், தீவுகளிலேயே மிகத் துணிச்சலான, திட்டமிட்ட எரிப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பாள். மேலிடமும் மகிழ்ந்து பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பதினாறு பேர் முப்பதுக்குப் பதில் முப்பத்தாறரை ஏக்கரைச் சேதமில்லாமல் எரிக்க முடிகிறதென்றால் ஆட்கள் அதிகம் என்று முடிவு செய்து, பத்தாகக் குறைத்தார்கள். குறைக்கப்பட்ட ஆறு பேரில் நான்கு பேர் காட்டில் இருந்தவர்கள். தோட்டம், சமையற்கட்டு, பூப்பந்து எல்லாம் தப்பித்தன. மங்க்ராவைத் தொட முடியவில்லை. அவர் பெயர் பாராட்டுக் கடிதத்தில் இருந்தது.

அடுத்த மார்ச்சில், கப்பலுக்கு முந்தின நாள், சார் அறிக்கை எங்கே என்று கேட்டார். பத்துப் பேரையும் கோட்டில் எண்ணிப் பார்த்த பிறகு, தீ அணைந்ததும், அங்கேயே ஒப்பமிட்டுத் தருகிறேன் என்றேன். கப்பல் போய்விடும் என்றார். போகட்டும் சார், தீ நிற்கும் என்றேன். அவர் பென்சிலைச் சிவப்பு முனைக்குத் திருப்பினார். பிறகு மேஜையில் வைத்துவிட்டார். அறிக்கை மூன்று வாரம் தாமதமாகப் போனது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வந்த இரண்டாவது மெமோவையும் முதலாவதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். என் முப்பத்தைந்து வருட வேலைக்குக் கிடைத்த சான்றிதழ்கள் அவை இரண்டும்தான்.

எரிப்பன்று ஜீப்பும் ஒரு லாரியும் வந்தன. தோட்டக்காரர்கள், சமையற்காரர், பூப்பந்துக்காரர், எல்லோரும் இறங்கிக் காட்டை முதன்முறையாகப் பார்த்தார்கள். மங்க்ரா அவர்களை ஒவ்வொருவராகக் கோட்டில் நிறுத்திவிட்டு, மாலை நாலு மணிவரை உட்கார்ந்திருந்தார். நாலாவது பீடியின் புகை நேராக மேலே போனது.

"தீதி, ரிப்போர்ட் கயா க்யா?" என்று கேட்டார். போய்விட்டதா என்று.

"இல்ல. இன்னும் எழுதவே இல்ல."

மடங்கிய விரல்களுக்கு நடுவே தீக்குச்சியை எடுத்தார்.

"அச்சா. அப்ப பத்த வெக்கலாம்."